ஒசத்தி பெட்ரோல் அண்ணன்

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் நான் சில வருடங்கள் மேற்பார்வை பார்த்தேன். மேற்பார்வை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆள் வராத நாளில் நானே குழாயைப் பிடிப்பேன், அளவு குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவரிடம் நானே சண்டை போடுவேன், காற்றடிக்கிற மெஷின் மக்கர் பண்ணினால் அதற்கும் வசவு எனக்குத்தான். வாய் இல்லாதவர் அந்த வேலையில் ஒரு வாரம் தாங்க மாட்டார். எனக்கு வாய் உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அந்த வாய் அடங்கிப்போனது ஓர் ஆளிடம்தான்.

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஒசத்தி பெட்ரோல் அண்ணன். எங்கள் பங்கில் பெட்ரோலுக்கு இரண்டு குழாய்கள். ஒன்றில் எல்லோரும் போடுகிற சாதா பெட்ரோல். இன்னொன்றில் ஆக்டேன் கூடுதலான பெட்ரோல். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் எங்கள் ஆட்கள் வாயில் நுழையாது, ஒசத்தி என்றுவிடுவார்கள். அவரிடம் இருந்தது ஒரு பழைய வெள்ளைக் கார், சின்னது. பின் சீட்டில் உர மூட்டை, தீவன மூட்டை, சமயத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. கதவைச் சாத்தினால் மறுபக்கக் கதவு திறந்துகொள்ளும். அந்த வண்டிக்குத் திங்கட்கிழமை தவறாமல் வந்து ஒசத்தி பெட்ரோல் போடுவார்.

போடுவது என்றால் சும்மா இல்லை. குழாயை எடுக்கும் முன்பே இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொள்வார். "இது ஒசத்திதானுங்களே?" என்பார். ஆமாங்க என்று எங்கள் ஆள் சொல்வான். குழாயை டேங்க்கில் செருகியதும் மறுபடி குனிந்து அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு அதையே கேட்பார். போட்டு முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து, இறங்கி, பானெட் மேல் காதை வைத்துக் கேட்பார். வெயிலில் தகடு சுடும். அவருக்கு அதெல்லாம் தெரியாது. கேட்டு முடித்து, ஏதோ பெரிய கண்டம் தாண்டியவர் மாதிரி மூச்சு விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

ஆக்டேன் என்றால் பெட்ரோலின் பலம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான், சத்துமாவு மாதிரி எதையோ கலக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது பலம் இல்லை, பொறுமை. இன்ஜினுக்குள் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்து நெருக்குவார்கள். பிளக் பொறி விடுகிற வரைக்கும் அது காத்திருக்க வேண்டும். நெருக்கம் தாங்காமல் முந்திக்கொண்டு தானாக வெடித்தால், மேலேறி வருகிற பிஸ்டன் தலையில் அடி விழும். அப்போது டிக்டிக்கென்று ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் அதை நாக்கிங் என்பார்கள். ஒசத்தி பெட்ரோல் எவ்வளவு நெருக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சாதாரண வண்டியில் நெருக்கமே குறைவு, அதற்குச் சாதாவே போதும். ஒசத்தி ஊற்றினால் மைலேஜும் ஏறாது, வேகமும் ஏறாது. சேலத்தில் லேப்டாப்பை மாட்டி இன்ஜினுக்கு வேகம் ஏற்றிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. அங்கே போய்வந்த வண்டிகள்தான் வேறு கதை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒசத்திதான் ஊற்ற வேண்டும். சாதாவை ஊற்றிவிட்டு ஓங்கி மிதித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இதையெல்லாம் அவரிடம் நான் விளக்கியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. "ஏனுங்ண்ணா, உங்க வண்டிக்கு இது எதுக்குங்? ஆட்டுக்குட்டிக்கு முந்திரிப்பருப்புப் போடற மாதிரி இருக்குதுங்" என்று கிண்டலும் செய்திருக்கிறேன். பங்கில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "இருக்கட்டும் அம்மிணி, ஒசத்தியே போடச் சொல்லு" என்றார். எங்கள் பக்கம் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த வாரம் ஒரு கேனும் கொண்டுவந்தார். புல் வெட்டுகிற மெஷினுக்கும் இனிமேல் ஒசத்திதானாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. காசு கொழுத்துப்போய்க் கிடக்கிற ஆள் என்று நினைத்தேன். எங்கள் பங்கில் வேலை பார்த்த செல்வி அவருடைய ஊர்க்காரி. அவள்தான் ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத்தில் யாரிடமாவது வண்டி வாங்கிக்கொண்டு போனால், திருப்பி விடும்போது டேங்க் நிறைந்திருக்க வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் காலி டேங்க்கோடு கொண்டுவந்து விட்டான் என்று ஒருமுறை பேச்சு வந்துவிட்டால், எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது இந்த வெள்ளை வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்திருக்கிறது. ராசிபுரத்தில் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருந்தார். தங்கச்சி வீட்டுக்காரர், எங்கள் பேச்சில் மாப்பிள்ளை, தன் காரைக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு வண்டிப் பைத்தியம். சேலத்துக் கடையில் விட்டு வேகம் ஏற்றிய கார் அது. தம்மம்பட்டி வரைக்கும் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு, வருகிற வழியில் ஒரு பங்கில் நிறுத்தி, இவர் மரியாதையாக டேங்க் நிறையப் பெட்ரோல் அடித்திருக்கிறார். சாதா பெட்ரோல். அந்த வண்டிக்கு அது ஆகாது என்று இவருக்கு எப்படித் தெரியும்? பெட்ரோலில் இரண்டு ரகம் இருக்கிறது என்பதே அப்போது இவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை மாப்பிள்ளை அதே காரில் நாமக்கல் கிளம்பினார். நாலுவழிச் சாலையில், வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்குப் பிரேக் பிடிக்க இடம் இல்லை.

செல்வி சொல்லி முடித்ததும், ஆட்டுக்குட்டிக்கு முந்திரிப்பருப்பு என்று நான் சொன்னதும், அதற்கு அவர் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். போலீஸ் லாரிக்காரன் மேல் கேஸ் போட்டது. தங்கச்சி வாயே திறக்கவில்லை. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் மட்டும் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை இவர் காதில் விழுந்துவிட்டது.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் அந்தச் சத்தம்தான். காரைத் திருப்பி விடப் போனபோது, ராசிபுரத்துக்குச் சற்று முன்னால் மேடு ஏறுகையில் டிக்டிக்கென்று ஒரு சத்தம் வந்ததாம். சக்கரத்தில் கல் மாட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாராம். இதை அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தவர், "உனக்குக் கேக்குதுங்களா அம்மிணி?" என்றார். நானும் காதை வைத்துப் பார்த்தேன். பழைய வண்டிக்குரிய கடகடப்பைத் தவிர ஒன்றும் இல்லை. இல்லீங்ண்ணா என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

சத்தம் இன்ஜினோடு நிற்கவில்லை. அவர் தோட்டத்தை ஒட்டி ஒருவர் விசைத்தறி போட்டார். தறி ஓடுகிற சத்தம் எங்களுக்கெல்லாம் தாலாட்டு மாதிரி. இவர் மட்டும் அந்தப் பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். சீலிங் ஃபேன் போட்டால் தூங்க மாட்டாராம். கோடையில் வியர்த்து வழிந்துகொண்டு கிடப்பாராம். கிரைண்டர் ஓடும்போது எழுந்து வெளியே போய்விடுவார் என்று அவர் சம்சாரம் செல்வியிடம் சொல்லியிருக்கிறார். மகள் கல்யாணத்தைத் தள்ளிவைத்துக் கோயிலில் சுருக்கமாக முடித்தார்கள். அங்கே மேளம் கூடாது என்றுவிட்டாராம். சம்பந்தி வீட்டார் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ.

கம்பெனியிலிருந்து வருடத்துக்கொருமுறை ஓர் ஆள் வந்து எங்களுக்கு வகுப்பு எடுப்பார். ஒருமுறை அந்த நேரத்தில் இவரும் பெட்ரோல் போட வந்துவிட்டார். ஆபீஸ் கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். முடிந்ததும், வேகம் ஏற்றின வண்டிக்குச் சாதா போட்டால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டார். இப்போதைய கார்களில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்க சென்சார் இருக்கிறது, அது தானாகவே வேகத்தைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றும், ஒன்றும் ஆகாது என்று அந்த ஆள் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரொம்ப வேகம் ஏற்றியிருந்தால் சென்சாராலும் முடியாது, பிஸ்டன் போய்விடும் என்றும் சொன்னார். ஒரே ஒரு தடவை போட்டாலுமா என்றார் இவர். அது வண்டியையும் ஓட்டுகிறவரையும் பொறுத்தது சார் என்றார் அவர். சொன்னது சரிதான், தப்பே இல்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தூங்குவான்? இவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

இப்படியே போயிருந்தால் ஒசத்தி பெட்ரோல் போடுகிற ஒரு பாவப்பட்ட மனிதர் என்று விட்டிருப்போம். வம்பு ஒரு திங்கட்கிழமை வந்தது. சட்டைக் கழுத்தில் கருப்புக் கண்ணாடி தொங்க ஓர் இளைஞன், உறுமுகிற காரில் வந்தான். வேகம் ஏற்றிய வண்டி என்று சத்தத்திலேயே தெரியும். இறங்காமலே சாதா போடு என்றான். எங்கள் ஆள் குழாயைச் செருகிவிட்டான். இரண்டு வண்டி தள்ளி நின்றிருந்த நம்ம அண்ணன் எப்படி வந்தார் என்று தெரியாது. ஓடி வந்து குழாயைப் பிடித்து உருவிவிட்டார். பெட்ரோல் பீய்ச்சிக் கார் மேலும் தரையிலும் அவர் வேட்டியிலும் கொட்டியது. ஒரு பொறி விழுந்திருந்தால் பங்கே இருந்திருக்காது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினேன்.

அந்த இளைஞன் அடிக்கவே வந்துவிட்டான். என் வண்டியை நான் சாதாவுக்கே டியூன் செய்து வைத்திருக்கிறேன், கேட்க நீ யார் என்று கத்தினான். அப்படியும் செய்யலாம். கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். இவர் காதில் அது ஏறவே இல்லை. "போடாத சாமி, ஊட்டுக்குப் போயிச் சேர மாட்ட, போடாத சாமி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவன் உதறிய உதறலில் கீழே விழுந்தார். விழுந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இளைஞனுக்கே பயம் பிடித்துப் பெட்ரோல் போடாமல் போய்விட்டான்.

பங்கு முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனி அந்த ஆள் உள்ளே வந்தால் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனசு கேட்காமல், செல்வியிடம் நம்பர் வாங்கி அவருடைய தங்கச்சிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "திங்கக்கெழம நா வாரேனுங்க" என்றார்.

சொன்னபடி வந்தார். பஸ்ஸில் வந்து, குடையை மடக்கிக்கொண்டு, ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒல்லியான ஆள், முகத்தில் அண்ணன் ஜாடை. தங்கச்சி கூட இருந்தால் பரவாயில்லை என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்திருந்தேன். வெள்ளைக் கார் வந்தது. தங்கச்சியைக் கண்டதும் அண்ணன் காரை விட்டு இறங்கவே யோசித்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீங்களும் இருங்க" என்றார் அந்த அம்மா. அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்ததோ என்னவோ. அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணா, நா சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. நீங்க சாதா போட்டது அவருக்குத் தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"காத்தால வண்டிய எடுத்து வாசலத் தாண்டறதுக்குள்ளயே சத்தம் வருதுன்னு சொன்னாரு. மச்சான் சாதா ரொப்பீட்டாராட்ட இருக்குதுன்னு சிரிச்சாரு. மெக்கானிக்குகிட்ட உட்டு அந்தப் பெட்ரோல எறக்கீருங்கன்னு நாந்தாஞ் சொன்னன். வேண்டாம்னுட்டாரு. மச்சான் மொதத் தடவையா நம்ம வண்டிய வாங்கீட்டுப் போயி மருவாதியா ரொப்பிக் குடுத்திருக்காரு, அத எறக்குனா நாளைக்கு அவரு காதுக்குப் போவும், மனசு கோணும், கல்யாண நேரத்துல அது எதுக்கு, ஓட்டியே தீத்துக்கறன்னாரு."

அவருக்கு அது புரிய நேரம் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்குமே புரியும். ஒருவர் நிரப்பிக் கொடுத்த டேங்க்கை இறக்குவது, பந்தியில் பரிமாறிய சோற்றைத் தொடாமல் எழுந்து போவது மாதிரி. ராசிபுரத்து மெக்கானிக் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருப்பான். சாயங்காலத்துக்குள் சேதி ஊர் வந்துவிடும்.

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. தெரிந்தேதானே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், இனி இவர் மேல் பழி இல்லை, இந்த மனிதர் இனித் தூங்குவார் என்று நினைத்தேன். அவர் வேட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எறக்கியிருந்தா நா கோவிச்சிருப்பனா பாப்பா?"

இல்லை என்று சொல்லிவிடுங்கள் அம்மா என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு பொய், அதுவும் செத்துப்போனவரைப் பற்றிக்கூட இல்லை, உயிரோடு பக்கத்தில் இருக்கிறவருக்காக ஒரு பொய். சொன்னால் என்ன?

"கோவிச்சிருப்பீங்கண்ணா" என்றார் தங்கச்சி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எங்கூட்டுச் சீருல உங்க தட்ட மொதல்ல வாங்காம உட்டுட்டாங்கன்னு ஒரு வருசம் எங்க ஊட்டுப் படிய மிதிக்காத ஆளு நீங்க. அதுக்குப் பயந்துதான் அவரு எறக்கல."

நான் பார்த்த மனிதர் கோபத்தின் வாசனையே இல்லாதவர். பானெட்டில் காதை வைப்பவர், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுபவர். கல்யாண வீடுகளில் முறுக்கிக்கொண்டு எழுந்து போன அந்த இன்னொரு ஆளை நான் பார்த்ததே இல்லை. அவர் தலையை ஆட்டினார். "ஆமா. கோவிச்சிருப்பன்" என்றார், அந்த ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும் என்பது போல.

இவ்வளவு காலமும் அவர் சுமந்துகொண்டிருந்தது தெரியாமல் செய்த ஒரு தப்பு. அதற்கு ஒசத்தி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஆயுசைக் கழித்திருக்கலாம். இதற்கு எதை ஊற்றுவது?

அவர் எழுந்து, கார்ச் சாவியைத் தங்கச்சி மடியில் வைத்துவிட்டு, சாலையைக் கடந்து திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கச்சி என்னிடம், "பெட்ரோலுதாங் கொன்னுதுன்னு நெனச்சுட்டே அவரு போயிச் சேரக்கூடாதுங்க. நெசம் தெரியோணும்" என்றார். கோபத்தில் சொன்னீங்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்த பெண்ணிடம் கோபம் இருந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

நான் அந்த வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வெள்ளைக் கார் மறுபடி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் தங்கச்சி. பக்கத்து சீட்டில் அண்ணன், நன்றாக இளைத்திருந்தார். கார் சாதா குழாயருகே நின்றது. ஃபுல் டேங்க் என்றார் தங்கச்சி. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். என்ன குழாய் என்று அவர் கேட்கவில்லை, இறங்கவில்லை, குனிந்து நிறத்தையும் பார்க்கவில்லை. நல்லாருக்கீங்களாண்ணா என்றதற்கு, இருக்கறனுங்க அம்மிணி என்றார். டேங்க் நிறைந்தது. மூடியைப் போட்டு நான் விலகி நின்றேன். தங்கச்சி சாவியைத் திருப்பப் போனார். அண்ணன் தன் பக்கத்துக் கண்ணாடியை மேலேற்றினார். ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, ஓட்டுகிற தங்கச்சியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கார் சாலையில் ஏறி வளைவில் திரும்புகிற வரைக்கும் அந்தக் கைகள் கீழே இறங்கவில்லை.